இழை: சாக்லேட்டைத் தாளிக்கலாமா?

தும்பை, செவ்வாய் காலை 10.40

அன்புள்ள குழுவினருக்கு,

அவசரம். நாளை மாலைக்குள் ஒரு சமையல் நூலின் மொழிபெயர்ப்பைப் பதிப்பாளரிடம் கொடுத்தாக வேண்டும். சாக்லேட்டில் தோய்த்த பழங்களைச் சர்க்கரை குறைத்து வீட்டிலேயே செய்துகொள்வது பற்றிய இயல். எல்லாம் முடிந்துவிட்டது, உருக்கிய சாக்லேட்டைப் பளபளப்பாக இறுகும் நிலைக்குக் கொண்டுவருவதைக் குறிக்கும் 'டெம்பரிங்' என்ற ஒரு சொல் மட்டும் தொண்டையில் சிக்கிய முள்ளாக நிற்கிறது. எனக்கு முன் இதைத் தொட்டவர் அகராதியின் முதல் பொருளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்: "டார்க் சாக்லேட்டை உருக்கித் தாளிக்கவும், பிறகு ஸ்ட்ராபெரியை அதில் முக்கவும்." மெய்ப்புப் பார்த்தவர் ஓரத்தில் பென்சிலால் கேட்டிருக்கிறார்: "கடுகு எப்போது?"

'பதப்படுத்தல்' என்று மாற்றிப் பார்த்தேன். உடல்நலம் பேசும் புத்தகத்தில் "பதப்படுத்திய சாக்லேட்" என்றால் டின்னில் அடைத்த சரக்கு போல ஒலிக்கிறது. பாடம் செய்த உடலுக்கும் அதே சொல்லைத்தானே வைத்திருக்கிறோம்! 'டெம்பரிங்' என்றே விட்டுவிடலாம் என்பவர்களுக்கு முன்கூட்டியே நன்றி, பதிப்பாளர் ஒப்பமாட்டார்.

கரிமம், செவ்வாய் காலை 11.15

சொல்லைத் தேடும் முன் பொருளைப் பார்ப்போம். வகுப்பில் நான் சொல்வது இதுதான். கோகோ வெண்ணெய் ஆறு விதப் படிகங்களாக உறையக்கூடியது. நமக்கு வேண்டியது ஐந்தாவது. அது ஏறத்தாழ 34 பாகை செல்சியஸில் உருகும்; அதனால்தான் தட்டில் கெட்டியாக இருக்கும் சாக்லேட் வாயில் கரைகிறது. மற்றவை முந்திக்கொண்டால் பூச்சு மங்கும், விரலில் ஒட்டும், கடித்தால் ஒடியாமல் வளையும்.

டார்க் சாக்லேட்டை 45 முதல் 50 பாகை வரை சூடாக்கிப் பழைய படிகங்களை எல்லாம் அழிக்கிறோம். 27, 28 வரை ஆறவிட்டால் நல்லதும் கெட்டதும் சேர்ந்து முளைக்கும். மறுபடி 31, 32க்கு ஏற்றினால் கெட்டவை உருகிப்போய் ஐந்தாவது வகை மட்டும் தங்கும். ஆக, இது சுவையூட்டலும் அல்ல, பாதுகாத்தலும் அல்ல. 'படிகத்தேர்வு' என்றே வைத்துவிட்டால் என்ன?

அடுமனையாள், செவ்வாய் காலை 11.22

படிகத்தேர்வுக்கு விண்ணப்பப் படிவம் எங்கே கிடைக்கும் ஐயா?

நொச்சி, செவ்வாய் பகல் 12.50

அம்மா தும்பை,

தாளித்தலைப் பார்த்துச் சிரிக்கும் முன் ஒன்று. பழந்தமிழில் அதற்குக் 'குய்' என்று பெயர். குறுந்தொகை 167இல் அந்தப் பெண்ணின் குவளைக் கண்ணில் ஏறியது குய்ப்புகைதான். இவ்வளவு சின்னச் சொல்லை நாம் தொலைத்துவிட்டு நிற்கிறோம். சரி, அது வேறு வழக்கு.

இலத்தீனில் 'தெம்பெராரே' என்றால் உரிய அளவில் கலத்தல், மட்டுக்குக் கொண்டுவருதல். வெப்பநிலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் கோபத்தைக் குறிக்கும் சொல்லுக்கும் அதே வேர். அங்கிருந்து அது கொல்லன் பட்டறைக்குப் போனது. நம் கொல்லனிடம் இதற்குச் சொல் இல்லையா? 'தோய்ச்சல்' என்று பேரகராதியைப் புரட்டுங்கள். தோய்தல் என்றால் நனைதல், கலத்தல், அணைதல். பால் தயிராக உறைவதும் தோய்தல்தான். சூடு, குளிர்ச்சி, உறைதல் மூன்றையும் ஒரே சொல் சுமக்கிறது. சாக்லேட்டுக்குத் 'தோய்ச்சலிடுதல்'. விவாதம் முடிந்தது.

தும்பை, செவ்வாய் பகல் 1.05

ஐயா, பழத்தை முக்குவதும் தோய்த்தல்தானே? "தோய்ச்சலிட்ட சாக்லேட்டில் பழத்தைத் தோய்க்கவும்" என்று வரும்.

நொச்சி, செவ்வாய் பகல் 1.09

எவ்வளவு அழகு! ஒரே வேர் இரண்டு முறை.

கரிமம், செவ்வாய் பகல் 2.30

அழகு இருக்கட்டும். காய்ச்சிய இரும்பை நீரில் தோய்ப்பது அதைக் கடினமாக்க. அதன்பின் மிதமாக மறுபடி சூடாக்கி அதன் நொறுங்கும் தன்மையைக் குறைப்பதுதான் பட்டறையில் டெம்பரிங். தோய்ச்சல் முதல் பாதிக்குத்தான் பொருந்தும். குளிர்ந்த சாக்லேட்டை 31க்கு ஏற்றுகிறோமே, அந்த இரண்டாம் பாதிக்குப் பெயர் எங்கே? மேலும், சாக்லேட்டையும் தண்ணீரையும் ஒரே சொல்லில் சேர்த்து வைப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. சொட்டுத் தண்ணீர் பட்டாலே உருகிய சாக்லேட் விறைத்துக் கட்டிதட்டிவிடும்.

அடுமனையாள், செவ்வாய் மாலை 4.10

அந்தச் சொட்டுதான் என் வாழ்க்கையின் பாதிக் கண்ணீர். ஸ்ட்ராபெரியைக் கழுவி, துணியில் ஒவ்வொன்றாகத் துடைத்து, காம்புக்கடியில் ஒளிந்திருக்கும் ஈரத்தையும் ஒற்றியெடுத்து, அரை மணி நேரம் காற்றாட வைத்தபின்தான் கிண்ணத்தின் பக்கமே கொண்டுபோவேன். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே முக்கினால் மேலே வியர்த்து வேலை கெடும்.

எனக்கு இலத்தீன் தெரியாது. பாகுக்குப் பதம் பார்க்கிறோம், சோற்றுக்குப் பதம் பார்க்கிறோம். இதற்கும் பதம்தான் பார்க்கிறேன். கத்தி நுனியில் மெல்லத் தடவி ஓரமாக வைப்பேன். ஐந்து நிமிடத்துக்குள் கோடில்லாமல், மினுமினுப்பாக இறுகினால் பதம் வந்துவிட்டது. சாம்பல் வரி ஓடினால் வரவில்லை. வரவில்லை என்றால் இன்னும் நாலு துண்டு போட்டுக் கிளறுவேன். 'பதமேற்றுதல்' போதாதா? மெருகேற்றுகிறோம், உருவேற்றுகிறோம், பதமேற்றக் கூடாதா?

வெட்சி, செவ்வாய் மாலை 5.00

பதம் வடசொல். கலைச்சொல் செய்ய உட்கார்ந்துவிட்டு இரவல் வாங்குவானேன்? 'செவ்வி' என்றால் உரிய நிலை, உரிய பருவம். 'செவ்விப்படுத்தல்' என்று வையுங்கள்.

அடுமனையாள், செவ்வாய் மாலை 5.04

செவ்வாய்க்கிழமை மட்டும் செய்வது என்று நினைத்துவிடுவார்கள்.

நொச்சி, செவ்வாய் மாலை 6.20

வெட்சி, ஆநிரை கவரும் வேகத்தில் வந்துவிட்டீர்கள். சொல், அடி என்ற பொருளில் வரும் பதம்தான் வடமொழி. பக்குவம், உணவு, உரிய வேளை என்ற பொருளில் வருவது நம்முடையது என்பதே என் கட்சி. பொருநராற்றுப்படையில் 'பதன் அறிந்து' என்று வருகிறது. மகரமும் னகரமும் மயங்குவதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோய்ச்சலை நான் விட்டுக்கொடுத்ததாக இதற்குப் பொருள் இல்லை.

(இதன் பிறகு பதன், பதம், பக்குவம் பற்றி ஒன்பது மடல்கள். தேவைப்படுவோர் இழையில் தேடிக்கொள்க.)

கரிமம், செவ்வாய் இரவு 8.45

இதற்கிடையில் பயன்படும்படி ஒன்று. அடுமனையாள் "நாலு துண்டு போட்டு" என்றாரே, அதற்கும் பெயர் வேண்டும். மூன்றில் இரண்டு பங்கை உருக்கி, ஏற்கெனவே நல்ல படிகத்தோடு இருக்கும் மீதிப் பங்கைப் பொடியாக நறுக்கிப் போட்டு, 31, 32 பாகை வரும்வரை கிளறுவது வீட்டுக்கு எளிய வழி. அந்தத் துண்டு மற்றதற்கு வழிகாட்டுகிறது. இதற்கு 'உறையிடுதல்' என்பேன். மோர் ஊற்றிப் பாலைத் தயிராக்குவதும் இதே வேலைதான்.

வெட்சி, செவ்வாய் இரவு 9.00

மோரில் இருப்பது உயிர். படிகத்துக்கு உயிர் உண்டா?

கரிமம், செவ்வாய் இரவு 9.02

இல்லை. ஆனாலும் சொல் பிழைக்கும்.

தும்பை, செவ்வாய் இரவு 10.15

உறையிடுதலை எடுத்துக்கொண்டேன். மேலே வெள்ளை படர்வதற்குப் 'பூத்தல்' என்று எழுதிவிட்டேன். நீறு பூப்பதும் உப்புப் பூப்பதும் தமிழில் இருக்கவே இருக்கிறது. பூஞ்சை என்று பயந்து தூக்கி எறிய வேண்டாம், அது கொழுப்போ சர்க்கரையோதான் என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

இன்னொரு தலைவலி. இயலின் தலைப்பு "ஆரோக்கியமான சாக்லேட் பழங்கள்" என்று வருகிறது. சரியா?

கரிமம், செவ்வாய் இரவு 10.40

சரியில்லை. மூலத்தில் ஒப்பீடுதானே இருக்கிறது? 70 விழுக்காடு என்று அட்டையில் போட்டால் கோகோவிலிருந்து வந்தது 70. மீதி 30இல் பெரும்பகுதி சர்க்கரை. பால் சாக்லேட்டில் ஏறக்குறையப் பாதி சர்க்கரையாகவே இருக்கும். ஆகவே குறைவு என்று சொல்லலாம், மருந்து என்று சொல்லக் கூடாது. "சர்க்கரை குறைந்த" என்று போடுங்கள்.

பதமேற்றச் சோம்பல்பட்டு ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் ஊற்றுகிறவர்களும் உண்டு. பளபளக்கும்தான், ஆனால் பூச்சு இளகிவிடும். அந்த எண்ணெயில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு, அதை நலக்கணக்கில் எழுதுவது நியாயமில்லை. பதமேற்றவே வேண்டாத கலவைச் சாக்லேட்டும் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு கொழுப்பைப் போட்டதுதான்.

அடுமனையாள், புதன் காலை 6.30

சோம்பேறிகளுக்கு நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. வாழைப்பழத்தைத் துண்டு போட்டு உறையவைத்து, உருக்கிய சாக்லேட்டில் பாதி மட்டும் முக்குங்கள். குளிரில் உடனே இறுகிவிடும். உறைபெட்டியிலிருந்து எடுத்து நேரே வாய்க்குப் போவதால் பதமும் வேண்டாம், விவாதமும் வேண்டாம். பாதி முக்கினால் சாக்லேட்டும் பாதிதான்.

தும்பை, புதன் பகல் 3.20

நேரம் முடிந்தது. பதமேற்றுதலுக்கு ஆறு பேர், தோய்ச்சலுக்கு ஒருவர், செவ்விப்படுத்தலுக்கு ஒருவர். மற்றவர்கள் களைத்துப்போய்ப் பேசவில்லை. "டார்க் சாக்லேட்டைப் பதமேற்றவும்" என்று அனுப்பிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

நொச்சி, புதன் பகல் 3.35

அனுப்புங்கள். என் வீட்டுப் பிரதியில் பேனாவால் திருத்திக்கொள்வேன்.

தும்பை, புதன் இரவு 7.50

மெய்ப்புப் பார்த்தவரிடமிருந்து தாள் திரும்பி வந்துவிட்டது. பதமேற்றலுக்குப் பக்கத்தில் ஒரு குறியும் இல்லை. ஆனால் 'முக்கவும்' என்பதை அடித்துவிட்டு மேலே எழுதியிருக்கிறார்: "கொச்சையாக இருக்கிறது. 'தோய்க்கவும்' என்றால் என்ன?"

நொச்சி, புதன் இரவு 7.52

புதிய இழை தொடங்குகிறேன்.