தடைக்காலத்தில் மாற்கு வாசித்தோம்

தங்கச்சிமடத்திலிருந்து, மறைக்கல்வி ஆசிரியர்:

15 வருடமாக மறைக்கல்வி எடுக்கிறேன். முதல் நன்மை, உறுதிபூசுதல் என்ற திருச்சடங்குகள் வரைக்கும் பிள்ளைகள் ஒழுங்காக வருவார்கள். அப்புறம் ஆளைப் பார்க்க முடியாது. கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவுக்குப் படகு ஏறும்போது இருக்கிற பக்தி உயிர்ப்பு ஞாயிறைத் தாண்டுவதில்லை. பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. உறுதிபூசுதல் முடிந்ததும் நாங்களும் அவர்களைத் தேடிப் போவதில்லை.

ஒரு தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லை தாண்டியதாகச் சொல்லி அவன் அண்ணனைப் படகோடு பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டில் நவநாள் ஜெபம், நேர்ச்சை எல்லாம் நடந்தது. வழக்கு தள்ளித் தள்ளிப் போக, தம்பி கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டான். நான் போய், "கடவுள் சோதிக்கிறார், பொறுமையா இரு" என்றேன். அவன் பதில் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டான். அப்படிச் சொன்னதற்கு இன்றும் வருந்துகிறேன்.

ஏப்ரல் 15, மீன்பிடித் தடைக்காலம் வந்தது. விசைப்படகுகள் 61 நாள் கரையில். அவன் பூவரச மர நிழலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் சுற்றிக் கொடுத்தேன். முதல் வாரம் சாமி பேச்சே எடுக்கவில்லை. இரண்டாம் வாரம் அவனே, "பையில என்னண்ணே?" என்றான். மாற்கு நற்செய்தி. நான்கு நற்செய்திகளில் சின்னது அதுதான், 16 அதிகாரம். தினம் கொஞ்சம் வாசித்தோம்.

நாலாம் அதிகாரத்தில் புயல் வரும் இடத்தில் ஊசியைக் கீழே வைத்தான். "கடல்லயே கிடந்த ஆளுகண்ணே இவுக. இவுகளே கத்துறாகன்னா காத்து எப்படி அடிச்சிருக்கணும்! இவரு தலகாணி வச்சுத் தூங்குறாரே?"

கொஞ்ச நேரம் வலையையே பார்த்துக்கொண்டிருந்தான். "நாங்க சாகப் போறோம், உமக்குக் கவலையில்லையான்னு கேக்குறாகளே. சாமிய அப்படிக் கேக்கலாமா?"

"கேட்டிருக்காங்களே தம்பி."

"அப்ப நானும் கேப்பேன்."

அன்று இரவு அவர்கள் வீட்டில் ஜெபமாலை முடிந்ததும் கேட்டான். என்ன கேட்டான் என்பது அவனுக்கும் ஆண்டவருக்கும் இடையில் இருக்கட்டும். அண்ணன் திரும்பி வர வெகுநாள் ஆனது. படகு வரவே இல்லை. ஆனால் அண்ணன் வருவதற்கு முன்பே தம்பி திருப்பலிக்கு வரத் தொடங்கியிருந்தான்.

ஓரியூர்ப் பக்கத்திலிருந்து:

அண்ணே, படித்ததும் புனித அருளானந்தர் (போர்த்துக்கீசியக் குருவானவர் ஜான் டி பிரிட்டோ) ஞாபகம்தான் வந்தது. 4 பிப்ரவரி 1693 அன்று அவர் இங்கே தலை வெட்டப்பட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் ரத்தம் பட்டதாக நம்பும் செம்மண்ணை எடுத்துப் போகிறோம். ஆனால் காரணம் எத்தனை பேருக்குத் தெரியும்? மறவர் தலைவர் தடியத்தேவர் நோயிலிருந்து சுகமான பிறகுதான் கிறிஸ்தவரானார். முதலில் அவர் வீட்டுக்குப் போய் ஜெபித்தது ஒரு உபதேசியார். சுகம் கிடைத்தது போதும் என்று அருளானந்தர் விடவில்லை. ஒரு மனைவியோடு மட்டும் வாழ வேண்டும் என்று கேட்டார். அதனால் விலக்கப்பட்ட மற்ற மனைவிகளில் ஒருவர் ராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் குடும்பத்துப் பெண். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது. நேர்ச்சைக்கு வருகிற இளைஞர்களிடம் நான் இதைச் சொல்கிறேன். சிலர் உட்கார்ந்து கேட்கிறார்கள்.

பாம்பனிலிருந்து, அன்பியப் (பங்கின் சிறு ஜெபக்குழு) பொறுப்பாளர்:

பாசி எடுக்கப் போகும் பெண்கள் நாங்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறைப் பக்கம் மூழ்குவோம். புதிதாகக் கல்யாணம் ஆகி வந்த ஒரு பெண் ஜெபமெல்லாம் மனப்பாடமாகச் சொல்வாள். சொந்தமாக ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால் வாய் திறக்க மாட்டாள். கரையில் துணியை அவிழ்க்கும் நேரத்தில் நான் என் மாமியார் கதை, என் கடன் எல்லாவற்றையும் அவள் காது கேட்க ஆண்டவரிடம் சொல்வேன். ஆறு மாதம் போனது. ஒருநாள், "அக்கா, இன்னைக்கு நான் சொல்லவா?" என்றாள். வெட்டுப்பட்ட தன் விரலில் ஆரம்பித்தாள்.

இப்போது ‘எத்தனை நாள்’ என்று கேட்கிற திருப்பாடல் 13-ஐச் சேர்ந்து வாசிக்கிறோம். அடுத்து எதை எடுக்கலாம், தங்கச்சிமடத்து அண்ணே? மாற்கு என்றால் எங்களுக்குத் தடைக்காலம் வரைக்கும் காத்திருக்க முடியாது.