புதுப்பிப்பு: எருக்குழிப் புழுவும் கடலைக் கொல்லையும்

கடலைச் செடிகள் திட்டுத்திட்டாக வாடுகின்றன, எருக்குழியில் கிடக்கும் கட்டைவிரல் பருமன் வெள்ளைப் புழுக்கள்தான் எருவோடு கொல்லைக்கு வந்திருக்கும் என்று போன மாதம் எழுதியிருந்தேன். அது தவறு.

வாடிய செடியை மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்துப் பார்த்தோம். வேர் அரிக்கப்பட்டிருந்தது. பக்கத்திலேயே பிறை போல் வளைந்த சின்னப் புழுக்கள். இவைதான் வேர்ப்புழு. கோடை மழை பெய்ததும் அந்தியில் மண்ணிலிருந்து கிளம்பும் பழுப்பு வண்டுகள் வேப்பிலை, முருங்கை இலையைத் தின்று, மண்ணில் முட்டையிடும்; அந்த முட்டையிலிருந்து வருபவைதான் இந்தப் புழுக்கள். ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான். அதனால் அந்த முதல் மழை இரவுகளில் கிளையை உலுக்கி வண்டுகளைப் பொறுக்கி அழிப்பதுதான் முக்கியமான வேலை. இந்த முறை தவறவிட்டோம்.

சரி, குழியில் இருந்தவை? காண்டாமிருக வண்டின் புழுக்கள். மக்குவதைத் தின்பவை, கடலை வேருக்கு வராது. ஆனால் வண்டானதும் தென்னங்குருத்தைக் குடையும். 2018 கஜா புயலில் தோப்புகளை இழந்து, மறுபடி கன்று வைத்து வளர்க்கும் எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கம் இதைச் சும்மா விட முடியாது. குழியைக் கிளறிப் பொறுக்கினோம், கோழிகளும் கூடவே வந்துவிட்டன. மிச்சத்துக்கு மெட்டாரைசியம் பூஞ்சாணம் கலந்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்கிறோம். பூஞ்சாணம் தாக்கிய புழு செத்து விறைத்து, மேலே பச்சையாகப் பூக்கும். நேற்று அப்படி இரண்டு கண்ணில் பட்டன.