மறு: மறு: ஆன்டெனாவுக்குப் 'பெருக்கம்' பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதனால் கடைசியாக ஒருமுறை எழுதுகிறேன். எங்கள் பாலிடெக்னிக் மாணவர்களுக்கு வீட்டு வைஃபை எட்டும் தூரத்தைக் கூட்டுவது பற்றி ஒரு செய்முறை இருக்கிறது. ரவுட்டரோடு வரும் குட்டி ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு வெளி ஆன்டெனா மாட்டி, அறை அறையாகப் போய் சிக்னலை அளக்க வேண்டும். ஆன்டெனா டப்பாவில் 9 டிபிஐ என்று போட்டிருக்கிறதே, ஆங்கிலத்தில் கெயின் (gain) என்கிற அந்த அளவுக்குத் தமிழில் என்ன பெயர்?

> மேல்நிலை இயற்பியலில் பெருக்கம் என்றே படித்துவிட்டு வருகிறார்கள். பழகிய சொல்லை ஏன் மாற்ற வேண்டும்?

பழகிய சொல் என்பதால்தான் ஐயா பயப்படுகிறேன். அங்கே அது டிரான்சிஸ்டர் பெருக்கிக்கு வருகிறது. பெருக்கி மின்சாரத்தை எடுத்துக்கொண்டு சிக்னலைப் பெரிதாக்கும். இந்தக் குச்சிக்கு மின் இணைப்பே கிடையாது, ரவுட்டர் கொடுத்த திறனில் ஒரு துளிகூட அது கூட்டாது, நாலா பக்கமும் போவதைச் சில திசைகளில் திரட்டி அனுப்பும், அவ்வளவுதான். சாதாரணக் குச்சி ஆன்டெனாவின் அலை பரவும் வடிவம் மெதுவடை மாதிரி, குச்சி நிற்பது ஓட்டையில். 9 டிபிஐ என்றால் அதே மாவைத் தட்டிப் பரத்தியது போல. எல்லாத் திசையிலும் சமமாகப் பரவினால் கிடைப்பதைவிடப் பக்கவாட்டில் ஏறக்குறைய 8 மடங்கு கிடைக்கும், மேலேயும் கீழேயும் குறைந்துபோகும். போன ஆண்டு ஒரு மாணவர் 'பெருக்கம்' கூடினால் எல்லா இடத்திலும் கூடும் என்று நம்பி, கீழ்வீட்டில் அதை நிமிர்த்தி மாட்டினார். மாடி அறையில் முன்பு கிடைத்த சிக்னலும் போயிற்று. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, நாம் கொடுத்த சொல் அப்படி.

> அப்படியானால் குவிவு?

குவிலென்சு, குவியாடி எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. 'ஆன்டெனாவின் குவிவு' என்றால் புடைத்துக்கொண்டிருக்கும் வடிவம் என்று படிப்பார்கள்.

நான் சொல்வது ஈட்டம். திருந்து, திருத்து என்று வருவது போல ஈண்டு, ஈட்டு. ஈண்டுதல் என்றால் கூடுதல், நெருங்குதல். ஈண்டச் செய்வது ஈட்டுதல். வள்ளுவர் 'ஈட்டம் இவறி' (1003) என்பதும் பொருளைச் சேர்த்து வைப்பதைத்தான். சேர்ப்பதும் சம்பாதிப்பதும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன, புதிதாக உண்டாக்குவது என்ற பொருள் அதில் இல்லை. ஆன்டெனா செய்வதும் அதுதானே?

> முதலில் ஆன்டெனாவைத் தமிழாக்குங்கள். அலைவாங்கி இருக்கிறது. வாங்குதல் என்றால் வளைத்தலும் உண்டு, வாங்குவில் என்கிறோமே.

வாங்குவில் அழகுதான், ஆனால் இந்தக் காலத்துப் பிள்ளைக்கு வாங்கி என்றால் பெற்றுக்கொள்வது மட்டும்தான். ரவுட்டரில் இருப்பது அனுப்பவும் செய்கிறது. உணர்கொம்பு கரப்பான்பூச்சிப் பாடத்தில் இருக்கிறது. லத்தீனில் மூலச்சொல் பாய்மரத்தின் குறுக்குக் கழியைக் குறித்ததாம், நம் கடலோரத்தில் அதைப் பருமல் என்பார்கள். அதையே வைக்கலாமே என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டிருந்தார். எனக்கும் ஆசைதான், ஆனால் கடையில் போய் 'பருமல் கொடுங்கள்' என்று கேட்க முடியாது. ஆன்டெனா அப்படியே இருக்கட்டும். பெயர் எதுவானாலும் பொருளைக் கண்ணால் பார்க்கிறார்கள். ஈட்டம் கண்ணுக்குத் தெரியாது, சொல்லை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

இதுவரை பெருக்கத்துக்கு நான்கு பேர், குவிவுக்கு இருவர், ஈட்டத்துக்கு நான் மட்டும். சரி, கையேட்டில் பெருக்கம் என்றே போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் அடைப்புக்குறிக்குள் ஈட்டம் இருக்கும், பக்கத்தில் மெதுவடைப் படமும் இருக்கும். அந்த இரண்டையும் எடுக்கச் சொல்லாதீர்கள்.