பட்டறை, கார் ஷெட் தரை ஏன் வெடிக்கிறது? பார்த்ததைப் பகிருங்கள்

கோவை, பல்லடம் பக்கம் வெடித்துக் கிடக்கும் ஷெட் தரைகளைத் தோண்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் குற்றம் கான்கிரீட்டில் இல்லை, அடிமண்ணில்தான். கரிசல் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். அதன் மேல் நேராகத் தளம் போட்டால் எத்தனை மூட்டை சிமெண்ட் கொட்டினாலும் நிற்காது. குறைந்தது 2 அடி கரிசலை எடுத்துவிட்டு கிராவல் நிரப்புங்கள். டிப்பரில் வந்ததை ஒரே மூச்சில் பரப்பி, தண்ணீர் கட்டிவிட்டால் போதும் என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. 6 இஞ்சுக்கு ஓர் அடுக்கு, ஈரம் காட்டி, பிளேட் காம்பாக்டர் (மண்ணை அதிர்ந்து இடிக்கும் தட்டு மெஷின்) ஓட்டி, பிறகுதான் அடுத்த அடுக்கு. 12 எம்எம் கம்பியைக் கையால் அழுத்தினால் சுலபமாக இறங்குகிறதா? இன்னும் இடிக்க வேண்டும். அதன் மேல் 40 எம்எம் ஜல்லியில் 1:4:8 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவை 3 இஞ்ச், பிறகு 250 மைக்ரான் பாலித்தீன் ஷீட்.

---

அளவு கேட்பவர்களுக்கு: 20க்கு 15 அடி, 5 இஞ்ச் கனம் என்றால் 125 கன அடி கான்கிரீட். எம்20 தரக் கான்கிரீட்டுக்கு 1:1½:3 கணக்கில் சிமெண்ட் 29 மூட்டை, எம்-சாண்ட் அரை யூனிட்டுக்கு (யூனிட் என்றால் 100 கன அடி) கொஞ்சம் மேல், 20 எம்எம் ஜல்லி ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். சேதாரத்துக்கு 5 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு மூட்டை சிமெண்ட் ஏறத்தாழ 1¼ கன அடி, அதனால் அதே அளவில் பெட்டி அடித்து மணலையும் ஜல்லியையும் அளக்கணும். சட்டிக் கணக்கு மதியத்துக்கு மேல் தானாக மாறிவிடும்.

தண்ணீர் மூட்டைக்கு 25 லிட்டர், மணலில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து. பாயசம் மாதிரி ஓடினால் தள்ள சுகமாக இருக்கும், ஆனால் ஜல்லி கீழே போய் சிமெண்ட் பால் மேலே மிதக்கும். ஆறு மாதத்தில் தரை மாவாக உதிரும். இறுக்கமாக இருந்தால் பிளாஸ்டிசைசர் (கலவையை இளக்கும் மருந்து) சேருங்கள், தண்ணீர் வேண்டாம். ரெடிமிக்ஸ் வண்டிக்கும் இதேதான்: சைட்டில் டிரம்முக்குள் ஹோஸ் விட அனுமதிக்காதீர்கள்.

---

கம்பி பற்றி யாரும் சொல்லவில்லையே. 8 எம்எம், 8 இஞ்ச் இடைவெளியில் இரு பக்கமும் கட்டினால் கார் ஷெட்டுக்குத் தாராளம். கம்பி வெடிப்பைத் தடுக்காது, வெடித்தது வாய் பிளக்காமல் இழுத்துப் பிடிக்கும். அதற்கு அது மேல் மூன்றில் ஒரு பங்கில், மேலிருந்து 2 இஞ்சுக்குள் இருக்கணும். மொட்டை மாடிக்கு வைக்கும் கவர் பிளாக்கை (கம்பிக்கு அடியில் வைக்கும் சிறு கட்டை) வைத்தால் கம்பி அடியிலேயே கிடக்கும். "ஊத்தும்போது தூக்கி விட்டுக்கலாங்க" என்பார்கள். தூக்கியதை அடுத்த ஆள் மிதித்து இறக்கிவிடுவார். கம்பியையே நாற்காலி மாதிரி தாங்கியாக வளைத்து 3 அடிக்கு ஒன்று வையுங்கள்.

---

மேலே சொன்னதோடு ஜாயின்ட் விஷயம். கான்கிரீட் காயும்போது சுருங்கியே தீரும், எங்கே வெடிக்கணும் என்று நாம்தான் கோடு போட்டுக் கொடுக்கணும். 5 இஞ்ச் தளத்துக்கு 10 முதல் 12 அடிக்கு ஒரு வெட்டு, ஆழம் கனத்தில் கால் பங்கு, அதாவது 1¼ இஞ்ச். வெயில் காலத்தில் காலையில் ஊற்றினால் அன்று இரவுக்குள் கட்டர் ஓடணும்; ஓரம் பிய்யாமல் வெட்டும் நிலை வந்ததும் ஆரம்பித்துவிடுங்கள். மறுநாள் பார்த்துக்கலாம் என்றால் தளம் தானே வெட்டிக்கொள்ளும். சுவரையும் தூணையும் தளம் ஒட்டக் கூடாது. நடுவில் 12 எம்எம் தெர்மாகோல் வையுங்கள். தூணைச் சுற்றி சாய்சதுரமாக ஒதுக்கினால் மூலை வெடிப்பு வராது.

ஆடிக் காற்றில் பகலில் ஊற்றவே ஊற்றாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேல் ஈரத்தை உறிஞ்சி, கரணை போடும் முன்பே காக்காய்க் கால் மாதிரி வெடிப்பு விழும். மாலையில் ஆரம்பியுங்கள், தேய்ப்புக்கு நடுவே ஷீட் போட்டு மூடுங்கள். மேலே நீர் நின்றால் அது வடியும் வரை கரணை வேண்டாம். உலர் சிமெண்ட் தூவி உறிஞ்ச வைப்பது மகா பாவம், அந்தத் தோல் ஜாக்கி உருளும் இடத்திலெல்லாம் உரிந்து வரும்.

---

டூ போஸ்ட் லிஃப்ட் (இரண்டு தூணில் காரைத் தூக்கும் மெஷின்) வைக்கப் போகிறோம், 5 இஞ்ச் போதுமா?

---

லிஃப்டோடு வரும் புத்தகத்தில் கனமும் கான்கிரீட் தரமும் போட்டிருக்கும், அதைப் பார்க்காமல் ஊற்றாதீர்கள். லிஃப்ட் தூண் நிற்கும் இடத்தில் மட்டும் 4க்கு 4 அடி, 12 இஞ்ச் ஆழமாக்கி மற்றதோடு சேர்த்து ஊற்றிவிடுங்கள், செலவு அதிகமில்லை. வெட்டுக்கோடு ஆங்கர் போல்ட் (லிஃப்டைத் தளத்தோடு பிடிக்கும் போல்ட்) பக்கம் வராதபடி முதலிலேயே குறியுங்கள். லிஃப்ட் நிற்கும் பகுதி மட்டமாகவும், வாசல் பக்கம் மட்டும் அடிக்கு கால் இஞ்ச் வாட்டமாகவும் இருக்கட்டும். லேத்துக்கு அடித்தளம் தனியாக, தளத்தோடு ஒட்டாமல்.

இப்போது கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த சிமெண்ட் என்பதால் பாத்தி கட்டி 10 நாள் தண்ணீர் நிறுத்துங்கள், கோடையில் 14. போல்ட்டுக்குத் துளை 28 நாள் கழித்துத்தான்.