‘இன் த மிட்நைட் அவர்’ பாட்டின் நாலடித் தாளத்தில் 2-ம் 4-ம் அடி பின்தங்குகிறதா இல்லையா?

மெம்பிஸ்மணி: நேற்று இங்கே ஒருவர், “சோல் இசை (அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகை) என்றால் மூணு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), நேரான தாளம், டிரம் மெஷினே வாசித்துவிடும்” என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 1965-இல் மெம்பிஸின் ஸ்டாக்ஸ் ஸ்டுடியோவில் வில்சன் பிக்கெட் பாடிய ‘இன் த மிட்நைட் அவர்’ கேட்டிருக்கிறாரா? தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர் அப்போது பிரபலமாக இருந்த ‘ஜெர்க்’ நடனத்தை அங்கேயே ஆடிக் காட்டினார். அதைப் பார்த்துத்தான் டிரம்ஸில் அல் ஜாக்சனும் கிடாரில் ஸ்டீவ் க்ராப்பரும் 2, 4 அடிகளை மயிரிழை தள்ளிப் போட்டார்கள். அந்தத் தாமதத்தை எந்த மெஷின் தரும்?

கார்டுக்காரன்: எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். எனக்கு எந்தத் தாமதமும் கேட்கவில்லை. நடனக் கதையைப் படித்தவர்கள் காதில் மட்டும்தான் அது விழுகிறது. பாட்டின் உயிர் தொடக்கத்தில் இருக்கிறது. டி, பி, ஏ, ஜி கார்டுகளாக இறங்கி இ கார்டில் வந்து உட்காருகிறது, எல்லாமே மேஜர் வகை. டி-யும் ஜி-யும் இ மேஜர் சுரவரிசைக்குச் சொந்தமே இல்லை. அதுதான் ஹார்மனி, கார்டுகளின் சேர்க்கை.

மெம்பிஸ்மணி: நேற்று மூணு கார்டு, இன்று அஞ்சு. நாளைக்கு எத்தனை? அதெல்லாம் கிடார் கழுத்தில் புள்ளி இருக்கும் இடங்கள், க்ராப்பரே சொன்னது. அடுத்த வருஷமே அதே கார்டுகளைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பிப் போட்டு, பாடகர் எடி ஃப்ளாய்டுக்கு ‘நாக் ஆன் வுட்’ பாட்டைச் செய்தார்கள். கார்டைத் திருப்பலாம். அந்த அடியைத் திருப்ப முடியாது. காலைத் தட்டிக்கொண்டே கேளுங்கள், கால் தரையைத் தொட்ட பிறகுதான் ஸ்னேர் டிரம்மின் அடி விழும்.

கார்டுக்காரன்: தட்டினேன். இரண்டும் ஒன்றாகத்தான் விழுகின்றன.

மெம்பிஸ்மணி: அப்படியென்றால் உங்கள் காலும் தாமதம்.

புதுக்காது: ‘பின்தங்குவது’ என்றால் என்ன என்று முதலில் பேசிக்கொள்ளலாமா? வேகம் குறைவது வேறு, வேகம் மாறாமல் ஓர் அடி மட்டும் தள்ளி விழுவது வேறு. அப்புறம், பாட்டுக்குள் இ-க்கும் ஏ-க்கும் மாறி மாறிப் போவது தேவாலயத்தில் ‘ஆமென்’ பாடும் நகர்வுதானே?

டெட்ராய்ட்பேஸ்: ஸ்டாக்ஸ், ஸ்டாக்ஸ் என்று எத்தனை நாள்? டெட்ராய்டின் மோட்டவுன் இசை நிறுவனத்தில் பேஸ் கிடார்க்காரர் ஜேம்ஸ் ஜேமர்சன் ஒரே ஆள்காட்டி விரலால், மாற்றவே மாற்றாத பழைய கம்பிகளில் வாசித்தார். குரூவும் (தாளத்தின் ஆட்டமும்) ஹார்மனியும் அந்த பேஸிலேயே இருந்தன. 1971-இல் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பத்தின் உறையில்தான் அவர் பெயர் வந்தது. அதைப் பற்றி இங்கே யாருக்காவது கோபம் வந்ததா?

மெம்பிஸ்மணி: போன மாதம் ஜேமர்சன் பிக் (கம்பியை மீட்டும் சில்லு) வைத்து வாசித்தார் என்று அடித்துச் சொன்னது நீங்கள்தானே? நான் திருத்திய பிறகுதான் விரல் ஞாபகம் வந்தது.

டெட்ராய்ட்பேஸ்: பிக் என்றது வேறு பேஸ்காரரைப் பற்றி. பழைய இழையைப் படித்துவிட்டு வாருங்கள்.

மெம்பிஸ்மணி: படித்தேன், இரண்டு தடவை. அதை விடுங்கள். கார்டுக்காரரே, அல் ஜாக்சன் அந்த ஸ்னேரை வேண்டுமென்றே காக்க வைத்து அடித்தார். ஒரு பாட்டு முழுக்க, ஒவ்வொரு 2-க்கும் 4-க்கும், அளவு பிசகாமல். இதை நேரான தாளம் என்றால் எனக்கு வலிக்கிறது. அந்த அடி பின்தங்குகிறது.

கார்டுக்காரன்: இப்போது ஹெட்ஃபோனில் கேட்டேன். பின்தங்கவில்லை.

மெம்பிஸ்மணி: எந்த ஹெட்ஃபோன்?