அந்த நடன மண்டபத் தரை கிராஃபிக்ஸா, செட்டா?

வெண்திரை வாசு:
2017இல் வந்த ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’ படத்தின் கலை இயக்கத்தை நேற்று இங்கே ஒருவர் வானளாவப் புகழ்ந்திருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அந்தப் படத்தில் கலை இயக்கம் என்று எதைச் சொல்கிறீர்கள்? தேநீர்க் கோப்பை பேசுகிறது, மெழுகுவர்த்தித் தண்டு ஆடுகிறது, மாளிகை பொலபொலவென்று உதிர்கிறது. எல்லாம் கணினி செய்த வேலை. நடன மண்டபத்தின் தரைகூட கிராஃபிக்ஸ்தான். இதற்கு ஆஸ்கர் பரிந்துரை வேறு!
இதே கதையை 1946இல் பிரெஞ்சு இயக்குநர் ழான் காக்தோ எடுத்தார். போர் முடிந்த கையோடு எடுத்த படம். பிலிம் சுருளுக்கே தட்டுப்பாடு. மாளிகைச் சுவரிலிருந்து மனிதக் கைகள் நீண்டு மெழுகுவர்த்திகளை ஏந்தி நிற்கும். சுவருக்குப் பின்னால் ஆட்கள் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்தியன் பெரார் என்ற ஓவியரின் கற்பனை அந்த மாளிகை. அதைப் பார்த்துவிட்டு இதைப் பார்க்கிறவனுக்கு வயிறு எரியும்.

தூரிகை மாணிக்கம்:
தம்பி வாசு, தெரியாத விஷயத்தில் இவ்வளவு உறுதி ஆகாது. அந்தத் தரை கிராஃபிக்ஸ் இல்லை. இங்கிலாந்தில் ஷெப்பர்டன் ஸ்டுடியோவுக்குள் 12,000 சதுர அடிக்குப் போட்ட தரை அது. கலை இயக்குநர் சாரா கிரீன்வுட், செட் அலங்காரம் கேட்டி ஸ்பென்சர். தரையின் கோலத்தை செக் குடியரசில் உள்ள ஒரு பெனடிக்டைன் துறவியர் மடத்தின் கூரையிலிருந்து எடுத்தார்கள். கூரையில் இருந்ததைக் காலடிக்குக் கொண்டுவந்த அந்த ஒரு யோசனைக்கே அவர்களைக் கும்பிடலாம். மேலே தொங்கும் பத்துச் சரவிளக்குகளும் செய்து மாட்டியவை. ஒவ்வொன்றும் 14 அடிக்கு 7 அடி, பிரான்சின் வெர்சாய் அரண்மனை விளக்குகளை மாதிரியாக வைத்துச் செய்தவை.
நான் செட் பெயின்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு கூட்டமே மண்டியிட்டுச் செய்த வேலையைக் ‘கணினி’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டுப் போனால் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

வெண்திரை வாசு:
12,000 சதுர அடிக்குப் பளிங்கு வாங்கிப் போட்டார்களா? அதைச் சொல்லுங்கள்.

தூரிகை மாணிக்கம்:
பளிங்கு போலத் தீட்டிய தரை. செட்டில் யாரும் மலையை வெட்டிக் கொண்டுவந்து போட மாட்டார்கள்.

வெண்திரை வாசு:
அப்படியானால் பொய்த் தரை. நான் சொன்னதும் அதுதானே. கவரிங் நகையைப் பூட்டிக்கொண்டு தங்கம் என்று சாதிக்கிறீர்கள்.

தூரிகை மாணிக்கம்:
நீங்கள் எழுதியது ‘தரைகூட கிராஃபிக்ஸ்தான்’. மேலே போய்ப் படியுங்கள், எழுத்து அங்கேயேதான் இருக்கிறது. கிராஃபிக்ஸ் இல்லை என்று தெரிந்ததும் பளிங்கு இல்லை என்று தாவுகிறீர்கள்.
பளிங்கு தீட்டுவது என்னவென்று சொல்கிறேன், கேளுங்கள். அடிப்பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு அதன்மேல் எண்ணெய்ப் பூச்சை மெல்லியதாக இழுக்க வேண்டும். அது ஈரமாக இருக்கும்போதே இறகை வண்ணத்தில் தொட்டு, விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டே நரம்பு இழுக்க வேண்டும். உருட்டாமல் இழுத்தால் நூல் போட்ட மாதிரி ஒரே தடிமனாக வரும். உருட்டினால்தான் ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலிந்து, கல்லுக்குள் போய் மறைவதுபோல வரும். பிறகு ஈரமில்லாத மெல்லிய தூரிகையால் ஓரங்களைக் கலைக்க வேண்டும். ஒரு நொடி அதிகமாகக் கலைத்தால் கல் போய்விடும், புகை வந்துவிடும். அதற்கும் மேலே வார்னிஷ். ஒளிப்பதிவாளருக்கு வேண்டிய அளவு மட்டும் மினுங்க வேண்டும், அதற்கு மேல் மினுங்கினால் படப்பிடிப்பு விளக்குகளே தரையில் தெரியும். இதைப் போய் ‘பொய்த் தரை’ என்று எழுத உங்களுக்கு மனம் வருகிறது.

நெய்தல்:
மாணிக்கம் ஐயா சொல்வதே சரி. படத்தில் வரும் மாளிகை 1740களின் ரோகோகோ என்ற அலங்காரம் மிகுந்த பாணியில் அமைந்தது. அந்தக் காலத்திலேயே நிஜக் கட்டடங்களில் பளிங்கைக் கைவேலையால் செய்ததுண்டு. ஜெர்மனியின் பவேரியாவில் 1745 முதல் 1754 வரை டொமினிகுஸ் சிம்மர்மன் கட்டிய வீஸ் தேவாலயத்தைப் பாருங்கள். சுதையை வண்ணம் கலந்து இழைத்துப் பளிங்காக்கியிருப்பார்கள். கூரையில் மூடிய கதவு ஒன்று ஓவியமாகவே இருக்கும். அதையும் பொய் என்பீர்களா?

வெண்திரை வாசு:
தேவாலயத்தைப் பற்றி யார் கேட்டார்கள்? தரை பளிங்கா, இல்லையா? இல்லை. அவ்வளவுதான்.

புதியவன்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கலை இயக்கம் என்றால் செட் மட்டுமா, கணினியில் வரைந்த மாளிகையும் அதில் சேருமா? அதை முதலில் முடிவு செய்துகொண்டால் பேச வசதியாக இருக்கும்.

சுவடி:
இருவருமே பெரிய தவறைக் கவனிக்கவில்லை. பிரெஞ்சு மாளிகையின் நடன மண்டபத்தில் பளிங்குத் தரை எப்படி வந்தது? சரவிளக்குக்கு வெர்சாயைப் பார்த்தவர்கள் அங்கேயே கொஞ்சம் குனிந்தும் பார்த்திருக்கலாம். வெர்சாயின் கண்ணாடி மண்டபத்தில் 357 கண்ணாடிகள் இருக்கின்றன, தரை மரம். மரப்பலகைகளைச் சாய்கட்டமாக இழைத்துப் பொருத்திய தரை. நிஜக் கல்லோ தீட்டிய கல்லோ, இரண்டுமே அங்கே பொருந்தாது. ஆய்வு என்று பீற்றிக்கொள்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

தூரிகை மாணிக்கம்:
சுவடி, அது சூனியக்காரி சாபமிட்ட மாளிகை. அங்கே அலமாரி பாட்டுப் பாடுகிறது. அதை விட்டுவிட்டுத் தரைக்கு மட்டும் வரலாற்றுச் சான்றிதழ் கேட்கிறீர்கள்.

சுவடி:
அலமாரி பாடுவது கதை. தரை கட்டடக்கலை. காலத்தை 1740கள் என்று அவர்களேதான் வகுத்துக்கொண்டார்கள். வகுத்துக்கொண்டால் நிற்க வேண்டும்.

தூரிகை மாணிக்கம்:
பிரெஞ்சு எழுத்தாளர் வில்னேவ் அம்மையார் இந்தக் கதையை எழுதி அச்சிட்டது 1740இல். அதற்காகத்தான் அந்தக் காலம். படத்தில் வரும் கிராமத்துக்கும் வில்னேவ் என்றே பெயர் வைத்தார்கள், தெரியுமா? தென் பிரான்சில் உள்ள கோங்க் என்ற ஊரைப் பார்த்து, ஸ்டுடியோவின் திறந்தவெளியில் கிராமத்தையே எழுப்பினார்கள். வீடு, கடை, பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் கட்டியவை. இவ்வளவு செய்தவர்களுக்குத் தரை மட்டும் தெரியாமல் போய்விட்டதாக்கும்!

வெண்திரை வாசு:
கிராமம் கட்டியிருக்கலாம். தரை கிராஃபிக்ஸ்.

கோமதி:
வாசு அவர்களே, மறுபடியும் முதலிலிருந்தா? கதாநாயகி பெல் நடனத்துக்கு அணியும், ஜாக்குலின் டுரான் வடிவமைத்த அந்த மஞ்சள் உடையைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது. 180 அடி ஆர்கன்சா என்ற மெல்லிய துணி, 2,160 ஸ்வரோவ்ஸ்கி படிகங்கள். மேலடுக்குகளில் பொன்தாள் வேலை. அந்தப் பொன் கோலம் எது தெரியுமா? இவ்வளவு நேரம் நீங்கள் சண்டை போடும் அதே தரையின் கோலம்தான். பெல் சுழன்று ஆடும்போது தரையும் உடையும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன. செட் போட்டவர்களும் தையல்காரர்களும் உட்கார்ந்து பேசாமல் இது நடக்காது.

தூரிகை மாணிக்கம்:
அருமை, அம்மா. இதைத்தான் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சுவடி:
அந்த உடையைப் பற்றிப் பேசவே வேண்டாம். 1740களில் பிரெஞ்சுப் பெண் ஒருத்தி உடலை இறுக்கும் உள்கச்சு இல்லாமல் நடனத்துக்குப் போயிருக்க மாட்டாள். பெல்லாக நடித்த எம்மா வாட்சன் அணிய மறுத்தார், இவர்களும் விட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

கோமதி:
மறுத்ததில் என்ன தவறு? படத்தில் பெல் குதிரையேறி ஓநாய்களுக்கு நடுவே போகிறவள், இயந்திரம் செய்கிறவள். மூச்சு விட முடியாத கச்சுக்குள் அவளை அடைத்துத்தான் உங்கள் வரலாற்றைக் காப்பாற்ற வேண்டுமா?

சுவடி:
அந்தக் காலப் பெண்கள் கச்சோடுதான் வயலில் வேலை செய்தார்கள், குதிரையும் ஏறினார்கள். மூச்சு முட்டியது என்பது பிற்காலத்தார் கட்டிவிட்ட கதை.

கோமதி:
அணிந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வெண்திரை வாசு:
கச்சுச் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மாணிக்கம் ஐயா, இன்னும் பதில் வரவில்லை. அந்த மண்டபத்தில் ஆடும் பீஸ்ட் யார்? கணினியில் செய்த உருவம். உருவமே கணினி என்றால் தரை மட்டும் எப்படி நிஜமாகும்?

தூரிகை மாணிக்கம்:
நன்றாகக் கேட்டீர்கள், தம்பி. பீஸ்டாக நடித்த டான் ஸ்டீவன்ஸ் பொய்க்கால் கட்டிக்கொண்டு, தசை வைத்துத் தைத்த உடையை மாட்டிக்கொண்டு, எம்மா வாட்சனின் கையைப் பிடித்து ஆடினார். அந்த ஆட்டத்தைப் பதிவு செய்து அதன்மேல்தான் பீஸ்டின் உருவத்தை ஏற்றினார்கள். பொய்க்காலில் நின்று சுழல்கிற ஆளுக்குக் காலுக்கடியில் தரை வேண்டாமா? காற்றிலா ஆடினார்?

வெண்திரை வாசு:
பச்சைத் துணியை விரித்து அதன்மேல் ஆடியிருக்கலாம், தரையைப் பிறகு கணினியில் சேர்த்திருக்கலாம். இன்னொன்று, என்னைத் தம்பி என்று அழைக்காதீர்கள். எனக்கும் நரைத்துவிட்டது.

தூரிகை மாணிக்கம்:
நரைத்த பிறகாவது ஒப்புக்கொள்ளும் குணம் வந்திருக்க வேண்டும். 1959இல் வந்த டிஸ்னி கார்ட்டூன் ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ பற்றி இங்கே நடந்த விவாதம் எனக்கு மறக்கவில்லை. பின்னணி ஓவியங்களின் பாணி ஐவிண்ட் ஏர்ல் என்ற ஓவியருடையது என்றேன். வால்ட் டிஸ்னி தம் கையாலேயே வரைந்தார் என்று ஒற்றைக்காலில் நின்றீர்கள். கடைசிவரை ஏர்லின் பெயரை உங்கள் வாயிலிருந்து வரவழைக்க முடியவில்லை. அன்றும் வேலை செய்தவன் பெயரை மறைத்தீர்கள், இன்றும் அதையேதான் செய்கிறீர்கள்.

வெண்திரை வாசு:
பழைய விவாதத்தை இழுக்கிறவரிடம் புதிய சரக்கு இல்லை என்று அர்த்தம். அன்று நீங்கள் என்னை ‘அரைகுறை’ என்று எழுதியதும் எனக்கு மறக்கவில்லை.

குமரிக்கரை:
எதற்கு இந்தச் சண்டை? இதே கதையை எடுத்த 1991 கார்ட்டூன் படத்தை மிஞ்ச முடியுமா? அந்த நடன மண்டபம் முழுக்க மனிதக் கையால் வரைந்தது. அதற்கு முன்னால் 2017 படம் ஒன்றுமே இல்லை.

தூரிகை மாணிக்கம்:
குமரிக்கரை, பெல்லையும் பீஸ்டையும் கையால் வரைந்தார்கள். அவர்களைச் சுற்றியிருந்த மண்டபம் கணினியில் உருவாக்கியது. சரவிளக்குக்குப் பக்கத்திலிருந்து கேமரா இறங்கி வருகிறதே, அது அதனால்தான் முடிந்தது. 1991இல் அது பெரிய சாதனை.

வெண்திரை வாசு:
கேளுங்கள், எல்லோரும் கேளுங்கள்! கணினி மண்டபம் ‘பெரிய சாதனை’ என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். பிறகு எதற்கு இந்தத் தரைக்காக இவ்வளவு கூச்சல்?

தூரிகை மாணிக்கம்:
கணினி வேலையை நான் எங்கே இழிவாகப் பேசினேன்? விருந்துப் பாடல் காட்சியில் தட்டுகள் பறப்பது பெரும்பாலும் கணினிதான், அதை நான் மறைக்கவில்லை. கையால் செய்ததைக் கணினி செய்தது என்று சொல்லாதீர்கள் என்கிறேன். கூலி வாங்கினார்கள், சரி. பெயரையாவது விட்டுவையுங்கள்.
சாரா கிரீன்வுட்டும் கேட்டி ஸ்பென்சரும் அந்த ஆண்டு ஆஸ்கரில் இரண்டு படங்களுக்குப் பரிந்துரை பெற்றார்கள். ஒன்று இது, மற்றொன்று சர்ச்சிலைப் பற்றிய ‘டார்க்கஸ்ட் ஹவர்’. ஒரு பக்கம் பொன்னும் கண்ணாடியும், இன்னொரு பக்கம் புகை மண்டிய பாதாளப் போர் அறை. 2023இல் ‘பார்பி’ படத்துக்கு வானத்தையே பின்னணித் திரைச்சீலையில் கையால் தீட்ட வைத்ததும் இதே இருவர்தான். இவர்களா தரைக்குக் கணினியைத் தேடிப் போகிறவர்கள்?

வெண்திரை வாசு:
இரண்டு பரிந்துரை, பரிசு எத்தனை? ‘த ஷேப் ஆஃப் வாட்டர்’ கொண்டுபோய்விட்டது. தேர்வுக்குழுவுக்கும் தரை பிடிக்கவில்லை போலிருக்கிறது.

நெய்தல்:
பரிசு கிடைக்காதது தரை கிராஃபிக்ஸ் என்பதற்கு ஆதாரமா? என்ன வாதம் இது!

சுவடி:
பரிசு கிடைக்காததற்குக் காரணம் பளிங்கு. மரம் போட்டிருக்க வேண்டும்.

கோமதி:
சுவடி, நீங்கள் அந்தக் கச்சிலிருந்து இன்னும் வெளியே வரவில்லை. 180 அடித் துணியைப் பல அடுக்காக வெட்டி, ஆடும்போது மேலே எழும்பும்படி செய்திருக்கிறார்கள். அதைப் பற்றி ஒரு வரி எழுத உங்களுக்கு மனமில்லை.

சுவடி:
1740களில் பாவாடைக்கு இடுப்பின் இருபுறமும் சட்டம் வைத்து அகலப்படுத்துவார்கள். எழும்பாது. எழும்பினால் அது அந்தக் காலத்து உடையே இல்லை.

தூரிகை மாணிக்கம்:
வாசு, ஒன்றே ஒன்று கேட்கிறேன். மாளிகையைச் சுற்றியுள்ள காட்டை 9,600 சதுர அடியில் நிஜ மரங்களை நட்டுப் போட்டார்கள். உறைந்த ஏரி, 29 அடி உயரப் பனிவாயில், ஏறத்தாழ 20,000 பனிக்கூம்புகள். 15 வார வேலை. இதுவும் கிராஃபிக்ஸா?

வெண்திரை வாசு:
கூம்புகளை யார் எண்ணினார்கள்? காக்தோ வெளிப்புறக் காட்சிகளுக்கு ராரே என்ற நிஜ மாளிகைக்கே போனார். மதில்மேல் வேட்டை நாய்ச் சிலைகள் வரிசையாக நிற்கும், எல்லாம் கல். தீட்டிய கல் இல்லை. பனிவாயிலைக் காட்டித் தரையை மறைக்காதீர்கள், ஐயா.

தூரிகை மாணிக்கம்:
காக்தோ படத்துக்குள்ளும் குளிர்காயும் கணப்பின் தூண்களில் சிலை முகங்கள் கண்ணைத் திறந்து பார்க்கின்றனவே. நிஜக் கல்லா அவை? ஆட்களின் முகத்தில் கல் வண்ணம் பூசி நிற்கவைத்தார்கள். பூசியவனும் என் தொழில்காரன்தான். 1946இல் பூசினால் கலை, 2017இல் பூசினால் கவரிங்கா? இதற்கு மட்டும் நேராகப் பதில் சொல்லுங்கள்.

வெண்திரை வாசு:
காக்தோவை இதில் இழுக்க உங்களுக்குத் தகுதி இல்லை.

கோமதி:
இடுப்புச் சட்டம் அரசவைப் பெண்களுக்கு. பெல் கிராமத்துப் பெண், சுவடி அவர்களே. அவளுக்கு எங்கிருந்து சட்டம் வரும்?