36 வயதில் பூச்சு வேலை பழகலாமா? எப்போது கையில் காசு வரும்?

கொட்டாஞ்சேனைக்காரன்:
புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் 11 வருடம் நின்றேன். மார்ச் மாதம் கடையை மூடிவிட்டார்கள், இரண்டு மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை. வேறு கடைகளில் கேட்டால் இருபது வயதுப் பொடியன்கள்தான் வேண்டுமாம். பக்கத்து வீட்டில் மேல்மாடி எழும்புகிறது, அங்கே சுவர் பூசுகிற பாஸை (மேசனை) ஒரு கிழமையாகப் பார்த்துக்கொண்டு நின்றதில் எனக்கும் அந்த வேலையில் ஆசை வந்துவிட்டது (மனைவி சிரிக்கிறாள்). கோர்ஸ் படிக்கவா, இல்லை யாராவது பாஸிடம் கையாளாகப் போகவா? எவ்வளவு காலத்தில் பாஸ் சம்பளம் எடுக்கலாம்? இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், நீண்ட நாள் சும்மா இருக்க முடியாது. சிங்களம் கடை வியாபாரத்துக்குப் போதுமான அளவு தெரியும்.

மட்டக்குளி பாஸ்:
தம்பி, கையாளாகப் போனால் முதல் நாளிலிருந்தே நாள் கூலி உண்டு, அதனால் அடுப்பு எரியும். ஆனால் அது பூச்சுக்காரன் சம்பளம் இல்லை. முதல் இரண்டு மூன்று மாதம் மணல் அரிப்பதும் கலவை போடுவதும் சாரத்துக்கு வாளி தூக்குவதும்தான் உன் வேலை, அதை அலுக்காதே, ஏனென்றால் கலவையைக் கையில் அறிந்தவனுக்குத்தான் சுவர் பிடிபடும். வீட்டு உட்சுவருக்கு நாங்கள் பெரும்பாலும் சீமெந்து ஒன்றுக்கு மணல் ஐந்து போடுவோம். இறுகத் தொடங்கிய கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் குழைக்கிற பழக்கம் மட்டும் வரவே கூடாது.

சுவரில் ஓட்டுத் துண்டு வைத்துப் புள்ளி போட்டு, தூக்குக்குண்டு பிடித்து, புள்ளிகளுக்கு நடுவே பட்டை இழுத்து, பிறகு நிரப்பி மட்டக்கோலால் வழிப்போம். இதை ஒருவன் சொல்லித்தர அரை நாள் போதும், கைக்கு வர ஆறு மாதம் பிடிக்கும். பலகை போட்டுத் தேய்க்கும் நேரம்தான் கஷ்டம். பெருவிரலால் அழுத்திப் பார், தடம் விழ வேண்டும், விரலில் சாந்து ஒட்டக் கூடாது. அதற்கு முன்னால் தேய்த்தால் சரிந்து வரும், பிந்தினால் கல்லைத் தேய்ப்பது போல இருக்கும்.

காசு பார்க்க வேண்டுமென்றால் ஆரம்பத்தில் பெரிய சுவருக்கு ஆசைப்படாதே. வயர் குழாய் பதிக்க வெட்டிய காடிகளை அடைப்பது, பழைய பாத்ரூமில் உதிர்ந்த இடத்தைக் கொத்திப் பூசுவது, இதெல்லாம் பெரிய பாஸ்மார் எடுக்காத வேலை. வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் பழைய மாடிகளில் நிறையக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய்ச் செய்யலாம்.

தெமட்டகொடை ரஃபீக்:
பாஸ் சொல்வது சரி, ஆனால் சான்றிதழை விட்டுவிடாதீர்கள். நாரஹேன்பிட்டியில் தொழிற்பயிற்சி அதிகார சபையின் தலைமை அலுவலகம் இருக்கிறது, நேரில் போனால் மேசன் கோர்ஸ் விவரம் எடுக்கலாம். முழுநேரம் படிக்க வசதியில்லை என்றால், கொஞ்ச நாள் வேலை செய்த பிறகு அந்த அனுபவத்தைக் காட்டி என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ்) எடுக்கும் வழி இருக்கிறது, ஆர்.பி.எல் என்பார்கள். வேலை செய்வதை வந்து பார்த்து, கேள்வி கேட்டு, தருவார்கள். நான் கட்டாருக்குப் போகும்போது அந்தக் காகிதம்தான் கைகொடுத்தது.

வத்தளை வீட்டுக்காரி:
நான் வேலை கொடுத்த பக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் சமையலறையைச் சதுர அடிக் கணக்கில் ஒருவர் பூசினார். சீக்கிரம் காய வேண்டும் என்று வெறும் சீமெந்தைச் சுவரில் தூவித் தூவித் தேய்த்தார், கண்ணாடி மாதிரி இருந்தது, நானும் சந்தோஷமாகத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் சுவர் முழுக்கச் சிலந்தி வலை போல வெடிப்பு. இப்போது அவருடைய நம்பரை யாருக்கும் கொடுப்பதில்லை. பூசிய பிறகு ஒரு கிழமை சுவருக்குத் தண்ணீர் அடிக்கும்படி சொல்கிற ஆள் கிடைத்தால் நான் கூடுதலாகவே கொடுப்பேன்.

மட்டக்குளி பாஸ்:
அக்கா சொன்னது உண்மை, சதுர அடிக் கணக்கு என்றால் எங்கள் ஆட்களுக்கு அவசரம் வந்துவிடும். தம்பி, நீ அந்தக் கணக்கில் பேசும் நாள் வரும்போது ஒன்றை மறக்காதே: யன்னல், கதவு இடத்தைக் கழிப்பதா சேர்ப்பதா என்று முதலிலேயே கேள். யன்னல் ஓரம் பூசத்தான் நேரம் போகும், கடைசியில் அதைக் கழித்துவிட்டால் உனக்கு ஒன்றும் மிஞ்சாது. வெளிச்சுவர் வேலையை மழை மாதங்களில் நம்பாதே, அந்த நேரத்துக்கு உள்வேலை இரண்டு மூன்றைப் பிடித்து வைத்துக்கொள்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. பக்கத்து வீட்டுப் பாஸிடமே கேட்டேன், திங்கட்கிழமை ஏழு மணிக்கு வரச் சொன்னார். பழைய சோனகத் தெருவில் மேசன் கரண்டி ஒன்று வாங்கிக்கொண்டு போகவா?

மட்டக்குளி பாஸ்:
கரண்டி வேண்டாம், இப்போதைக்கு அதை உன் கையில் தர மாட்டார். கையுறையும் பழைய சப்பாத்தும் கொண்டு போ. சீமெந்து விரல் இடுக்கைத் தின்னும், இரவு தேங்காய் எண்ணெய் பூசு.